பேனட்டைத் திறந்து வைத்துப் பேசுங்கள்

கார் ஓட்டுவதில் ஆசை வைத்த பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டிகளை வரிசையாக நிறுத்திவிட்டு, டீயும் கையுமாக நின்று பேசுவதைக் கேட்க எனக்கு எப்போதும் பிடிக்கும். எங்கே ஆரம்பித்தாலும் பேச்சு கொஞ்ச நேரத்தில் ஒரே இடத்துக்கு வந்துவிடும்: எந்தக் கம்பெனி வண்டி உழைக்கும், எது நட்டாற்றில் விடும்? ஜப்பான் வண்டியா, ஜெர்மன் வண்டியா? நம் ஊர்க் கம்பெனிகள் தேறிவிட்டனவா? அந்தக் காலத்து எளிமையான வண்டி மாதிரி இனி வருமா? கோயம்புத்தூரில் வண்டிகளோடு ஆயுளைக் கழித்தவன் என்ற உரிமையில், இந்தப் பேச்சில் புதிதாகக் கலந்துகொள்ளும் தம்பி தங்கைகளுக்குச் சிலவற்றைச் சொல்லி வைக்கிறேன். முறையாக வாதாடினால் வண்டியைப் பற்றி இதைவிட வேகமாகக் கற்றுக்கொள்ள வழி கிடையாது.

1. கம்பெனி பெயரோடு நிறுத்தாதீர்கள்.

"அந்தக் கம்பெனியா? வேண்டவே வேண்டாம்" என்று யாராவது சொன்னால், எந்த மாடல், எந்த எஞ்சின், எந்த கியர்பாக்ஸ், எந்த வருஷம் என்று கேளுங்கள். பதில் வருகிறவரிடம் உட்கார்ந்து கேட்க விஷயம் இருக்கும். வராதவரிடம் இன்னொரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு நகருங்கள்.

ஃபியட்டின் 1.3 மல்டிஜெட் டீசல் எஞ்சின் கதை இதற்கு நல்ல பாடம். 1,248 சிசி, பெல்ட்டுக்குப் பதிலாக டைமிங் செயின், சின்ன உடம்பு. 2007இல் மாருதி ஸ்விஃப்டில் டிடிஐஎஸ் என்ற பெயரில் வந்தது. டாடா இதையே குவாட்ராஜெட் என்று விஸ்டாவிலும் மான்சாவிலும் வைத்தது. ஃபியட் தன் புன்டோவிலும் லீனியாவிலும் மல்டிஜெட் என்றே விற்றது. செவர்லே செயில் டீசலிலும் இதுதான். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வரும்வரை நம் நாட்டுச் சாலைகளில் இந்த எஞ்சின் ஓடாத ஊர் கிடையாது.

இப்போது ஊர்ப் பேச்சைக் கவனியுங்கள். ஸ்விஃப்டில் இருந்தால் "கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்" என்றார்கள். விஸ்டாவில் இருந்தால் "டாக்ஸிக்குத்தான் லாயக்கு" என்றார்கள். புன்டோவில் இருந்தால் "அதுக்கு எங்கே போய் சர்வீஸ் விடுறது?" என்றார்கள். எஞ்சின் ஒன்றே. வித்தியாசம் அதைச் சுற்றி இருந்தவற்றில்: கிளட்ச் யாருடையது, ஒயரிங் எப்படி இழுத்திருக்கிறார்கள், சஸ்பென்ஷன் புஷ் எவ்வளவு தாங்கும், ஸ்பேர் மறுநாளே வருமா, உங்கள் ஊரில் அந்த எஞ்சினைத் திறந்து பழகிய கை இருக்கிறதா. இவை ஒவ்வொன்றும் தனித்தனிக் கேள்விகள். கம்பெனி பெயர் இவற்றையெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டிவிடும். மூட்டையை அவிழ்ப்பதுதான் வாதாடுகிறவருடைய வேலை.

இதற்கு நேர் எதிராகவும் நடக்கும். 2019இல் வந்த டொயோட்டா கிளான்சா, உள்ளும் புறமும் மாருதி பலேனோதான். ஆனால் கிளான்சாவுக்கு 3 வருஷம் அல்லது 1 லட்சம் கிலோமீட்டர் உத்தரவாதம். பலேனோவுக்கு அப்போது 2 வருஷம் அல்லது 40,000. வண்டியில் வித்தியாசம் இல்லாவிட்டாலும் அதன் பின்னால் நிற்கிற வாக்குறுதியில் வித்தியாசம் இருந்தது. அதுவும் கணக்கில் சேர வேண்டியதுதான்.

2. எளிமையான வண்டி வேறு, உழைக்கிற வண்டி வேறு.

புதியவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். பிரீமியர் பத்மினியை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபியட் 1100டி-யின் இந்தியப் பிறவி. 1,089 சிசி எஞ்சின், கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட். பேனட்டைத் திறந்தால் ஒவ்வொரு உறுப்பும் கண்ணுக்குத் தெரியும். ஒரு ஸ்குரூ டிரைவரும் ஸ்பேனர் செட்டும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. இதைவிட எளிமையான வண்டி எங்கே?

ஆனால் அந்த வண்டியோடு வாழ்ந்தவர்களைக் கேளுங்கள். பாயிண்ட் தேய்ந்துகொண்டே இருக்கும். சில ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஃபீலர் கேஜ் விட்டு இடைவெளி வைக்க வேண்டும். வெயில் காலத்தில் பெட்ரோல் பம்ப் சூடேறி, பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி, வண்டி நின்றுவிடும். ஈரத் துணியைப் பம்பின்மேல் சுற்றிக் காத்திருப்பார்கள். ஊட்டிக்கு ஏறினால், 2,240 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்திருப்பது கார்புரேட்டருக்குத் தெரியாது. கீழே ஊற்றிய அதே அளவு பெட்ரோலை ஊற்றும். கறுப்புப் புகை, பிக்கப் இல்லை. இன்றைய எம்பிஎஃப்ஐ எஞ்சினில் காற்றின் அளவையும் வெப்பத்தையும் சென்சார்கள் பார்த்துக்கொள்கின்றன. உறுப்புகள் அதிகம், தொந்தரவு குறைவு.

அப்படியென்றால் பழசு மட்டமா? அதுவும் இல்லை. பழைய வண்டி அடிக்கடி மக்கர் பண்ணும். பண்ணுவதற்கு முன்னால் சொல்லிவிட்டுப் பண்ணும். நின்ற இடத்திலேயே சரியாகும். புதிய வண்டி வருஷக்கணக்கில் வாயே திறக்காது. ஒரு நாள் சென்சாரோ பெட்ரோல் டேங்க்குக்குள் இருக்கும் பம்போ போனால், டோ வண்டியைக் கூப்பிடுவதைத் தவிர வழியிருக்காது. ஒருவர் "உழைக்கும்" என்று சொல்லும்போது இந்த இரண்டில் எதை மனதில் வைத்துச் சொல்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீரும்.

இரண்டுக்கும் நடுவில் அழகாக நின்றது மாருதி 800. 1983 டிசம்பர் 14 அன்று முதல் வண்டி வெளியே வந்தது. 2014 ஜனவரி வரை உற்பத்தி நடந்தது. 796 சிசி, மூன்று சிலிண்டர். எளிமையும் உழைப்பும் ஒரே உடம்பில் சேர்ந்த வண்டி அது. அந்தச் சேர்க்கை அரிது. எளிமை மட்டும் போதும் என்று நினைத்தால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னை வண்டலூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி 1985இல் கொண்டுவந்த ஸ்டாண்டர்ட் 2000 சாட்சி. ரோவரின் அழகான பெரிய உடம்புக்குள் பழைய வான்கார்ட் கார் காலத்து எஞ்சினை வைத்தார்கள். பழகிய, எளிய எஞ்சின்தான். அந்த உடம்பை அந்த எஞ்சினால் இழுக்க முடியவில்லை. சில வருஷங்களில் கம்பெனியே மூடிவிட்டது.

3. எளிமை என்றால் யாருக்கு எளிமை என்று கேளுங்கள்.

மெக்கானிக்குக்கு எளிமையாக இருப்பது ஓட்டுகிறவருக்கு எளிமையாக இருக்க வேண்டியதில்லை. மாருதி ஜிப்ஸியை ராலிக்காரர்கள் கொண்டாடினார்கள். முன்னாலும் பின்னாலும் ஸ்பிரிங் பட்டை, ஏணி மாதிரி சேஸிஸ், கழற்றி மாட்ட அவ்வளவு சுலபம். ஆனால் அதில் நாள் முழுக்கப் போனால் இடுப்பு ஒடிந்துவிடும். குடும்பத்துக்கு வண்டி தேடும் மனிதரிடம் போய் ஜிப்ஸியின் எளிமையைப் பாடக்கூடாது.

எளிமையின் உண்மையான மதிப்பை எங்கள் ஊர்க்காரர் எஸ். கரிவரதன் காட்டினார். 1980களின் இறுதியில் மாருதி 800இன் எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கை ரேஸ் கார் கட்டினார். ஃபார்முலா மாருதி என்று பெயர். கடையில் கிடைக்கும் எஞ்சின், கடையில் கிடைக்கும் ஸ்பேர். வெளிநாட்டு எஞ்சின் வாங்க வசதியில்லாத பிள்ளைகளும் ரேஸுக்கு வர முடிந்தது. எல்லாரிடமும் ஒரே எஞ்சின் என்பதால் கம்பெனிச் சண்டைக்கு இடமே இல்லை. யார் எங்கே பிரேக் பிடிக்கிறார், யார் வளைவை எப்படி எடுக்கிறார் என்பதுதான் பேச்சாக இருந்தது. நரேன் கார்த்திகேயன் ஆரம்பத்தில் ஓட்டியது அந்த வகை வண்டியைத்தான். 2005இல் அவர் ஃபார்முலா 1 வரை போனார். ஓட்டுகிறவருக்குக் கற்றுக்கொடுக்கும் எளிமை என்று நான் சொல்வது இதை. குறைந்த சக்தி, லேசான உடம்பு, நேரான ஸ்டீயரிங். புதிதாக ஓட்டக் கற்கும் யாரும் முதல் இரண்டு மூன்று வருஷம் அப்படிப்பட்ட வண்டியில் இருப்பது பெரிய பாக்கியம்.

4. ரோட்டில் ஓடுவதை மட்டும் எண்ணாதீர்கள்.

"ஐம்பது வருஷத்து அம்பாசடர் இன்னும் ஓடுது பாருங்க, இப்ப வர்ற வண்டி ஓடுமா?" என்பார்கள். ஓடுகிற அந்த ஒன்று உங்கள் கண்ணில் படுகிறது. கூட வந்தவை சென்னை புதுப்பேட்டையில் டோர் தனியாக, டிஃபரன்ஷியல் தனியாகப் பிரிந்துபோய்ப் பல காலம் ஆகிவிட்டது. எஞ்சியிருக்கும் ஒன்றின் பின்னால் எத்தனை தடவை எஞ்சின் போர் பண்ணினார்கள், எத்தனை தடவை டிங்கரிங் பார்த்தார்கள் என்று சொந்தக்காரரைக் கேளுங்கள். அவர் மறைக்க மாட்டார், பெருமையாகவே சொல்வார். அந்தப் பெருமை நியாயமானது. அது வைத்துக் காப்பாற்றியவரின் பெருமை.

5. ஓடிய கிலோமீட்டரை விட, எப்படி ஓடியது என்பது முக்கியம்.

டாக்ஸி ஸ்டாண்டில் 3 லட்சம் கிலோமீட்டர் தாண்டிய இன்னோவா சாதாரணம். அதைக் காட்டி எல்லா டொயோட்டாவுக்கும் மாலை போடுவார்கள். நல்ல வண்டிதான், நானும் மறுக்கவில்லை. காரணத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2005இல் வந்த முதல் இன்னோவாவின் 2.5 லிட்டர் டீசல் தந்தது 102 குதிரைத்திறன்தான். இன்றைய 1.5 லிட்டர் டீசல்கள் 115க்கு மேல் தருகின்றன. பெரிய எஞ்சினை மூச்சு வாங்காமல் வேலை வாங்கினார்கள், அது நீடித்தது. தவிர, டாக்ஸியில் காலையில் சூடான எஞ்சின் ராத்திரிவரை ஆறுவதில்லை. நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஓடும். ஆயிலை நேரத்துக்கு மாற்றாவிட்டால் பிழைப்பு போகும் என்று டிரைவருக்குத் தெரியும்.

ஒரு பிஎஸ்6 டீசலை வீட்டிலிருந்து ஆர்.எஸ். புரம் கடைக்கும் திரும்ப வீட்டுக்கும் மட்டும் ஓட்டிப் பாருங்கள். புகைக்குழாயில் இருக்கும் கரிவடிகட்டி தானாகச் சுத்தமாக நல்ல சூடும் சீரான ஓட்டமும் வேண்டும். இரண்டும் கிடைக்காது. கரி அடைக்கும், விளக்கு எரியும், "இந்தக் கம்பெனியே சரியில்லை" என்று பேச்சு கிளம்பும். உலர் கிளட்ச் வைத்த ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும் அப்படித்தான். அவிநாசி ரோடு நெரிசலில் அங்குலம் அங்குலமாக ஊர்ந்தால் கிளட்ச் சூடாகித் தேயும். அதே பெட்டி பைபாஸில் வெண்ணெய் மாதிரி வேலை செய்யும். குறை சொல்கிறவர் தினமும் எங்கிருந்து எங்கே ஓட்டுகிறார் என்று கேட்காமல் அவர் சொல்வதை மனதில் ஏற்றாதீர்கள்.

6. வெளிநாட்டுப் பட்டியலைக் காட்டினால், எதை அளந்தார்கள் என்று பாருங்கள்.

அமெரிக்காவின் ஜே.டி. பவர் பட்டியல், மூன்று வருஷம் ஓடிய வண்டிகளின் சொந்தக்காரர்களைக் கேட்டு, நூறு வண்டிக்கு எத்தனை குறை என்று சொல்கிறது. அதில் எஞ்சின் கோளாறும் ஒரு குறை. ஃபோன் ப்ளூடூத்தில் சேராததும் ஒரு குறை. ஜெர்மனியின் டியூவ் அறிக்கை, சட்டப்படி எல்லா வண்டியும் போக வேண்டிய பரிசோதனையிலிருந்து வருகிறது. பிரேக் டிஸ்க், விளக்கு, அச்சு, ஆயில் ஒழுகல் எல்லாம் அதில் தெரியும். கியர்பாக்ஸ் உதறுவது தெரியாது. ஒரே கம்பெனி ஒன்றில் மேலேயும் மற்றதில் கீழேயும் இருந்தால் அதில் மர்மம் ஒன்றும் இல்லை. நம் நாட்டில் சொந்தக் காருக்கு முதல் பரிசோதனையே 15 வருஷம் கழித்து ஆர்.சி. புதுப்பிக்கும்போதுதான் வருகிறது. அதனால் நமக்கு அந்த மாதிரி கணக்கும் இல்லை. இங்கே நம்பத்தக்க ஆதாரம், சர்வீஸ் பில்களை வருஷ வாரியாகச் சேர்த்து வைத்திருக்கும் சொந்தக்காரர்தான். அப்படி ஒருவர் கிடைத்தால் விடாதீர்கள்.

7. எலக்ட்ரானிக்ஸ்மேல் பழி போடுவதற்கு முன் ஒயரைப் பாருங்கள்.

ஒரு தடவை ஒரு வண்டி என்னிடம் வந்தது. ஓடிக்கொண்டே இருக்கும்போது டாஷ்போர்டில் எல்லா விளக்கும் எரியும், ஸ்டீயரிங் கனக்கும், பிறகு தானாகச் சரியாகும். மூன்று இடங்களில் "கம்ப்யூட்டர் போச்சு, அந்தக் கம்பெனி வண்டியே இப்படித்தான்" என்று சொல்லி பெரிய தொகைக்கு எஸ்டிமேட் போட்டிருந்தார்கள். பேட்டரியைத் தூக்கிப் பார்த்தால், அதன் அடியில் பாடியோடு சேரும் எர்த் ஒயரின் போல்ட்டைச் சுற்றிப் பச்சை பூத்திருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, முறுக்கி, கிரீஸ் தடவினோம். அந்தக் குறை திரும்ப வரவில்லை. அதற்குள் அந்தக் குடும்பமே கம்பெனியை வெறுத்திருந்தது.

நம் கையாலேயே கெடுப்பதும் உண்டு. வண்டி சூடானால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது நம் பக்கத்துப் பழைய வழக்கம். கார்புரேட்டர் காலத்தில் அது எப்படியோ ஓடியது. இன்று தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் எஞ்சின் தன் வெப்பத்துக்கு வராது. இன்னும் ஆறியே இருக்கிறது என்று நினைத்து எஞ்சின் கம்ப்யூட்டரான ஈசியு பெட்ரோலைக் கூடுதலாக விட்டுக்கொண்டே இருக்கும். மைலேஜ் விழும், கரி பிடிக்கும். கூலன்ட்டுக்குப் பதில் போர் தண்ணீர் ஊற்றினால் ரேடியேட்டரும் போகும். இப்படிப்பட்ட வண்டியை வைத்து ஒரு கம்பெனியை எடை போடுவது அநியாயம்.

8. ரீகால் வந்தால் அதை வசையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

டகாட்டா என்ற ஜப்பான் கம்பெனி செய்த காற்றுப்பைகளை ஹோண்டா, டொயோட்டா, நிசான், பிஎம்டபிள்யூ, ஃபோர்டு எல்லாரும் வாங்கிப் பொருத்தினார்கள். உள்ளே இருந்த அம்மோனியம் நைட்ரேட் வருஷக்கணக்கில் வெப்பத்திலும் ஈரத்திலும் இருந்து கெட்டு, பை விரியும்போது உலோகத் துண்டுகள் தெறித்தன. ஆட்கள் இறந்தார்கள். கோடிக்கணக்கான காற்றுப்பைகள் திரும்பப் பெறப்பட்டன. 2017இல் டகாட்டா திவாலானது. நம் கடலோர ஊர்களின் வெயிலும் புழுக்கமும் அந்தப் பண்டத்துக்கு ஆகாதவை. அதனால் பழைய வண்டி வாங்குகிற ஒவ்வொருவரும் சேஸிஸ் நம்பரைக் கம்பெனியிடம் கொடுத்து, ரீகால் வேலை பாக்கியிருக்கிறதா என்று கேட்டே தீர வேண்டும். செலவில்லாத வேலை, உயிர் சம்பந்தப்பட்ட வேலை. திரும்பக் கூப்பிட்டுச் சரிசெய்து கொடுக்கிற கம்பெனியை நான் மதிக்கிறேன்.

9. கம்பெனி ஊரை விட்டுப் போனாலும் வண்டி அதே வண்டிதான்.

ஜெனரல் மோட்டார்ஸ் 2017 இறுதியோடு இங்கே விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு இங்கே உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்துவிட்டு, மறுவருஷம் மறைமலை நகர் ஆலையை நிறுத்தியது. அறிவிப்பு வந்த மறுநாள் அந்த வண்டிகளின் எஞ்சின் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. ஓட்ட அருமையான வண்டிகள் அவற்றில் உண்டு. நல்ல விலைக்கும் கிடைக்கின்றன. ஃபில்டர், பிரேக் பேட், கிளட்ச் போன்றவற்றை வெளியே செய்கிறவர்கள் பலர் இருப்பதால் கவலை இல்லை. ஹெட்லைட், கண்ணாடி, பம்பர், ஈசியு இவற்றைப் பற்றித்தான் முன்கூட்டியே விசாரிக்க வேண்டும்.

10. இருபது வருஷத்துக்கு மேற்பட்ட வண்டியை ஆசைப்பட்டு எடுக்கிறவர்கள் பெட்ரோல் ஹோஸ்களை முதலில் மாற்றுங்கள். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரைத் தின்னும். கசிவு எஞ்சின் சூட்டின்மேல் விழுந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

11. ஒருவருடைய வண்டியை அவர் முன்னால் இழித்துப் பேசாதீர்கள்.

அந்த வண்டிக்கு அவர் இன்னும் தவணை கட்டிக்கொண்டிருக்கலாம். அப்பா வாங்கிக் கொடுத்ததாக இருக்கலாம். குறையைச் சொல்ல வேண்டுமென்றால் தனியாகக் கூப்பிட்டு, எந்த உறுப்பைக் கவனிக்க வேண்டும், எத்தனை கிலோமீட்டரில் மாற்ற வேண்டும் என்று சொல்லுங்கள். அவர் சாவியை நீட்டி "ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க" என்று சொல்வார். நீங்கள் வெறுத்த கம்பெனியின் ஸ்டீயரிங்கைப் பிடித்துப் பார்க்கும் அந்த ஒரு ரவுண்டில், மாதக்கணக்கான வாதத்தில் கிடைக்காதது கிடைக்கும். வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது எடுத்ததைவிட மெதுவாக ஓட்டிவந்து கொடுங்கள்.

12. வாதத்தை மலை ரோட்டில் தீர்க்கப் போகாதீர்கள்.

இதை வேண்டிக் கேட்கிறேன். டீக்கடையில் ஆரம்பித்த பேச்சு ஆழியாறு செக்போஸ்ட்டைத் தாண்டியதும் பந்தயமாக மாறுவதைப் பார்க்கிறேன். அங்கிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். எதிரே பஸ் வரும், மாடு வரும், வரையாடு நிற்கும், எஸ்டேட் வேலை முடிந்து நடந்துவரும் பெண்கள் இருப்பார்கள். யாருடைய வண்டி நன்றாக வளையும் என்பது அவர்களுக்குத் தேவையில்லாத செய்தி. ஏறி வரும் வண்டிக்கு வழி விடுங்கள். எந்த கியரில் ஏறுவீர்களோ அந்த கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் எந்தக் கம்பெனி பிரேக்கும் சூடேறிக் கைவிடும்.

வேகம் பார்க்க வேண்டுமென்றால் செட்டிபாளையத்தில் கரிவரதன் பெயரில் தடம் இருக்கிறது. சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் இன்னொன்று இருக்கிறது. பொதுவில் ஓட்ட விடும் நாட்களை விசாரித்துக்கொண்டு, ஹெல்மெட்டோடு போங்கள். அங்கே ஆம்புலன்ஸ் நிற்கும், கொடி காட்ட ஆள் இருப்பார், எதிரே யாரும் வர மாட்டார்கள். புறப்படுவதற்கு முன் பிரேக் ஆயில் மாற்றிய தேதியைப் பாருங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். இரண்டு வருஷம் தாண்டியிருந்தால் மாற்றிவிட்டுக் கிளம்புங்கள்.